மாசிமாவோடு பார்த்த படங்கள்

பழைய வங்காளப் படங்களைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எனக்கு முதலில் மாசிமாவின் குரல்தான் கேட்கும். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேசுவார். முன்வரிசைக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் லட்சியம் செய்ய மாட்டார். திரையில் ஒருத்தி முறத்தில் அரிசி புடைத்தால், அந்தக் கை நிஜமாகவே புடைத்துப் பழகிய கையா என்று சொல்லிவிடுவார். ஓடக்காரன் கழி ஊன்றினால் தண்ணீரின் ஆழம் சொல்வார். சினிமா இலக்கணம் எதுவும் தெரியாத அந்த அம்மாளிடம் நான் கற்றுக்கொண்ட அளவுக்கு எந்த விமர்சனக் கட்டுரையிடமும் கற்கவில்லை.

1980களில் வங்கி உத்தியோகம் என்னைக் கல்கத்தாவில் கொண்டுபோய்ச் சேர்த்தது. லேக் மார்க்கெட் பக்கம் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். வாழையிலையும் மல்லிகைப்பூவும் பில்டர் காப்பியும் அங்கே கிடைக்கும். எனக்கு அங்கே இடம் அகப்படவில்லை. ஜாதவ்பூரைத் தாண்டி பிஜய்கர் காலனியில் ஒரு மாடியறை கிடைத்தது. பிரிவினையில் கிழக்கு வங்காளத்தை விட்டு வந்தவர்கள், யுத்தகால ராணுவ முகாம் ஒன்று காலியாகக் கிடந்த நிலத்தில் தாங்களாகவே குடிசை போட்டு உருவாக்கிய காலனி அது. வீட்டுக்காரம்மாள் கொமில்லா ஜில்லாக்காரர். கணவர் காலமாகிப் பல வருஷம். ஒரே மகன் துர்காபூர் உருக்காலையில் வேலை. வெள்ளைப் புடவை, மீன் சேர்க்காத சாப்பாடு, ஏகாதசிக்குப் பட்டினி. தெருவே அவரை மாசிமா, அதாவது சித்தி, என்றது. நானும் அப்படியே கூப்பிட்டேன். என்னை 'பாபா' என்பார். வாடகை வாங்குகிற தேதியில் மட்டும் கொஞ்சம் கூச்சப்படுவார்.

அப்போதெல்லாம் சில தியேட்டர்களில் ஞாயிறு காலைக்காட்சிக்குப் பழைய படம் போடுவார்கள். டெலிவிஷனிலும் வாரம் ஒரு வங்காளப் படம் உண்டு. கீழ்வீட்டுக் கூடத்தில் பெட்டி இருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் தரையில் உட்கார்ந்துகொள்வார்கள். பாதிப் படத்தில் கரண்ட் போய்விடும். லோட்ஷெடிங் கல்கத்தாவின் தினசரிக் கணக்கில் சேர்ந்துபோயிருந்த காலம். அரிக்கேன் விளக்கைத் திரி ஏற்றி வைத்துவிட்டு, மீதிக் கதையை மாசிமாவே சொல்லி முடிப்பார். 1985இல் நந்தன் திரையரங்கம் திறந்த பிறகு நல்ல பிரிண்டுகளைப் பெரிய திரையில் பார்க்கும் வாய்ப்பு வந்தது. மாசிமாவையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறுவேன்.

'பதேர் பாஞ்சாலி'யில் இந்திர் தாக்ருண் வரும்போதெல்லாம் மாசிமா முன்னால் நகர்ந்து உட்காருவார். கூன் விழுந்த முதுகு, பல் போன வாய், கிழிசலை மறைத்துக் கட்டிய துணி. அந்த வீட்டில் அவளுக்குப் பெயரளவில் உறவு உண்டு, உரிமை கிடையாது. குழந்தை துர்கா தோப்பிலிருந்து எடுத்துவரும் கொய்யாப் பழத்தைச் சட்டிக்குள் ஒளித்து வைத்துக்கொள்வாள். கோபம் வந்தால் பாயையும் மூட்டையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிப் போவாள். சில நாள் கழித்துத் திரும்பி வருவாள். "கிளம்பிப் போறவளுக்குப் போக இடம் இருக்கா? போற மாதிரி போய்ட்டு வந்தாத்தான் இங்கே ஒரு வாய் சோறு. எங்க பெரியத்தை இப்படித்தான் போவா" என்றார் மாசிமா. எங்கள் வீட்டிலும் திண்ணை ஓரத்தில் அப்படி ஒரு பாட்டி இருந்தாள். பத்து வயதுக்குள் விதவையானவள். அவள் எதற்காக அடிக்கடி கோபித்துக்கொண்டு பக்கத்து ஊர் போனாள் என்பது கல்கத்தாவில் ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி முன்னால்தான் எனக்குப் புரிந்தது.

அந்தக் கிழவியாக நடித்த சுனிபாலா தேவி மௌனப்பட காலத்து நடிகை. சத்யஜித் ரே தேடிக் கண்டுபிடித்தபோது வயது 80ஐ ஒட்டியிருந்தது. உலகம் அவரை மறந்தே போயிருந்தது. நாளுக்கு 20 ரூபாய் சம்பளம். மூங்கில் பாடையில் படுக்கவைத்து எடுக்கவேண்டிய காட்சிக்கு, அந்த வயதில், தயங்காமல் சம்மதித்தார். 1955 ஆகஸ்டில் படம் கல்கத்தாவில் வெளியாகும் முன்பே இறந்துபோனார். அதற்குள் ரே அவர் வீட்டிலேயே படத்தைத் திரையிட்டுக் காட்டியிருந்தார் என்பதை நினைத்தால் மனசு கொஞ்சம் ஆறுகிறது.

அந்தப் படம் எடுத்த கதையை வங்காளிகள் புராணம் போலச் சொல்வார்கள். விளம்பரக் கம்பெனியில் ஓவியராக இருந்த ரே, விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் நாவலுக்குச் சிறுவர் பதிப்பு ஒன்று வந்தபோது படம் வரைந்து கொடுத்தார். அந்தப் படங்களிலிருந்து முளைத்த யோசனை இது. 1950இல் லண்டனில் 'பைசிக்கிள் தீவ்ஸ்' பார்த்தது அதற்கு உறுதி கொடுத்தது. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா சினிமா காமிராவை அதற்கு முன் இயக்கியதே இல்லை. இருபதைத் தாண்டிய இளைஞர். முதல் காட்சி 1952 அக்டோபரில், நாணல் பூத்த வெளியில் துர்காவும் அவள் தம்பி அப்புவும் ரயில் பார்க்கப் போகிற காட்சி. அடுத்த ஞாயிறு மீதியை எடுக்கப் போனால் பூவெல்லாம் மாடு மேய்ந்திருந்தது. மறுபடி பூக்க ஒரு வருஷம் காத்திருந்தார்கள். கையில் பணமும் இல்லை. இன்ஷூரன்ஸ் பாலிசி போயிற்று, இசைத்தட்டுகள் போயின, மனைவி விஜயாவின் நகைகள் அடகுக்குப் போயின. கடைசியில் முதலமைச்சர் பி.சி. ராய் மேற்கு வங்க அரசின் பணத்தைக் கொடுக்க இசைந்தார். பாதையைப் பற்றிய படம் என்பதால் சாலை மேம்பாட்டுக் கணக்கில் அந்தத் தொகை எழுதப்பட்டதாம். நடுவில் மாதக்கணக்கில் படப்பிடிப்பு நின்றது. அத்தனை காலத்தில் அப்புவின் குரல் உடையவில்லை, துர்கா வளர்ந்துவிடவில்லை, கிழவி செத்துப்போகவில்லை. இந்த மூன்றையும்தான் ரே அற்புதங்கள் என்றார்.

மிட்டாய்க்காரன் காட்சியை நான் இப்போதும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். தோளில் கழி போட்டு இரு பக்கமும் பானை தொங்க அவன் முன்னால் போகிறான். வாங்கக் காசில்லாத பிள்ளைகள் பின்னால் போகிறார்கள், நாய் அவர்கள் பின்னால். குளத்துத் தண்ணீரில் இந்த ஊர்வலம் தலைகீழாகப் போகிறது. நாய் சொன்னபடி வருவதற்காகத் துர்கா முதுகுக்குப் பின்னால் கையில் ஒரு இனிப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தாலும் காட்சியின் ஆனந்தம் குறையவில்லை. தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துப் போனால் வாங்க முடியாத நாங்களும் கொஞ்ச தூரம் கூடவே போய்த் திரும்புவோம். அது ஏக்கம் மட்டும் இல்லை. நடப்பதிலேயே ஒரு சந்தோஷம் இருந்தது. அந்தச் சந்தோஷத்தைக் கண்டுகொண்ட படம் அது.

துர்கா இறந்தது தெரியாமல் அவள் அப்பா ஹரிஹர் ஊர் திரும்புகிற கட்டம் வரும். இடிந்த சுவரைப் பார்த்து நொந்துகொண்டே, வாங்கி வந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து மனைவிக்குக் காட்டுகிறார். கடைசியில் மகளுக்கு வாங்கிய புடவை. சர்வஜயா அதை வாங்கிப் பல்லில் கடித்துக்கொண்டு சரிகிறாள். அழுகைச் சத்தம் கேட்காது. அந்த இடத்தில் தார் ஷெனாய் என்னும் தந்தி வாத்தியம் ஓலமிடும். ரவிசங்கர் ஒரே இரவில் அமைத்துக் கொடுத்த இசையில் தட்சிணாமோகன் தாகூர் வாசித்தது. எங்கள் கூடத்தில் பெண்கள் அத்தனை பேரும் அந்த இடத்தில் வாய்விட்டு அழுதார்கள். திரையில் அவள் குரலை எடுத்துவிட்டதால், பார்க்கிறவள் தன் குரலை அங்கே வைத்துவிடுகிறாள் என்று எனக்குத் தோன்றும்.

ரே இந்தியாவின் வறுமையை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறார் என்று 1980இல் ராஜ்யசபையில் நடிகை நர்கிஸ் குற்றம் சொன்னது பெரிய சர்ச்சையானது. படித்த பலரும் அதை ஒப்புக்கொண்டு பேசக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது கொஞ்சமும் சம்மதமில்லை. 'பதேர் பாஞ்சாலி'யில் யாரும் நம்மிடம் இரக்கம் கேட்பதில்லை. சர்வஜயா கிழவியிடம் கொடூரமாக நடந்துகொள்கிறாள். துர்கா பாசிமணி மாலையைத் திருடியிருக்கிறாள். ஹரிஹர் வரவேண்டிய சம்பளத்தைக் கேட்கக்கூடத் தைரியமில்லாதவர். முதல் மழையில் ஆடுகிறார்கள், தெருக்கூத்து பார்க்கிறார்கள், பொய் சொல்கிறார்கள், ஆசைப்படுகிறார்கள். ஏழை என்ற ஒரே சொல்லில் அடைபடாத மனிதர்கள் அவர்கள். அக்காவின் மாலையைக் கடைசியில் கண்டெடுக்கிற சிறுவன் அதை யாருக்கும் தெரியாமல் குளத்தில் எறிகிறான். பாசி விலகி மூடிக்கொள்கிறது. இறந்தவளின் மானம் காப்பாற்றப்பட்டுவிட்டது. இதை வறுமைப் படம் என்று சொல்வதற்கு எனக்கு நா எழாது.

மாசிமா பேசாமல் பார்த்த படம் ஒன்று உண்டு: அப்புவின் கதை தொடரும் 'அபராஜிதோ'. பனாரஸில் கணவனையும் பறிகொடுத்துக் கிராமத்துக்கு வந்து சேர்ந்த தாய். உபகாரச் சம்பளம் வாங்கிக் கல்கத்தாவுக்குப் படிக்கப் போய், இரவில் அச்சகத்தில் வேலை பார்க்கும் மகன். லீவுக்கு வந்தால் தூங்குகிறான்; ஊர் திரும்புகிற அவசரத்தில் இருக்கிறான். அவள் உடம்பு சரியில்லாததை எழுதாமல், மரத்தடியில் உட்கார்ந்து ரயில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். சாகிற இரவில் அவன் கூப்பிட்டதாக நினைத்து வாசலுக்கு வருகிறாள். குளத்தின் மேல் மின்மினிகள் மட்டும். நிஜ மின்மினியின் வெளிச்சம் பிலிமில் விழாது என்பதால், கறுப்புச் சட்டை போட்ட ஆட்கள் சிறு பல்புகளைக் கையில் வைத்துக்கொண்டு இருட்டில் ஆட்டினார்களாம். பனாரஸ் வீட்டு முற்றத்துக்குக் கல்கத்தாவில் செட் போட்டு, மேலே வெள்ளைத் துணி கட்டி விளக்கை அதில் அடித்துத் திருப்பி, நிழல் விழாத பகல் வெளிச்சத்தை சுப்ரதா மித்ரா கொண்டுவந்ததும் இந்தப் படத்தில்தான்.

வங்காளிகளுக்கு முதலில் இந்தப் படம் பிடிக்கவில்லை, ஓடவில்லை. மகன் தாயிடம் இவ்வளவு ஒட்டாமல் இருப்பானா என்று கேட்டார்கள். 1957இல் வெனிஸில் தங்கச் சிங்கம் கிடைத்தது. நான் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய் வந்துகொண்டிருந்தவன். அப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். படம் முடிந்ததும் மாசிமா எழுந்துபோய்த் துளசி மாடத்தில் விளக்கேற்றினார். துர்காபூரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

'போஸ்ட்மாஸ்டர்' அளவில் சின்னது. தாகூர் நூற்றாண்டான 1961இல் வந்த 'தீன் கன்யா'வின் மூன்று கதைகளில் ஒன்று. கல்கத்தாவிலிருந்து குக்கிராமத்துத் தபாலாபீசுக்கு வருகிற இளைஞன். அங்கே எடுபிடி வேலை செய்யும் அநாதைச் சிறுமி ரதன். பொழுது போகாத வேளையில் அவளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறான். மலேரியாவில் விழுந்தபோது அவள் கண்விழித்துப் பார்த்துக்கொள்கிறாள். பிறகு அவன் வேலையை விட்டுக் கிளம்புகிறான். கொடுக்கலாமென்று காசை எடுத்து வைத்துக்கொண்டு வழியில் நிற்கிறான். அவள் புது போஸ்ட்மாஸ்டருக்குத் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு அவனைத் திரும்பிப் பாராமல் கடந்து போகிறாள். அவ்வளவுதான். நடித்த சந்தனா பானர்ஜியின் முகத்தில் கோபமும் இல்லை, கண்ணீரும் வழியவில்லை. எடுபிடிப் பிள்ளைகள் வளைய வந்த எத்தனை வீடுகளில் நான் உண்டு உறங்கி வந்திருக்கிறேன்! ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்துக்கொள்வார்கள்; பாவாடையும் பழைய சட்டையும் கொடுப்பார்கள்; பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடிவரும். அந்தப் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு நடை இருந்திருக்கும். பார்க்கக் கற்றவர்கள் கல்கத்தாவில் இருந்தார்கள்.

மிருணாள் சென்னின் 'பைஷே ஸ்ராவண்' 1960இல் வந்தது. ரயிலில் சில்லறைச் சாமான் விற்கும், வயதேறிய, அழகில்லாத பிரியநாத்துக்குச் சிறு பெண் மாலதி வாழ்க்கைப்படுகிறாள். மாலதியாக நடித்தவர் மாதவி முகர்ஜி. தொடக்கத்தில் அந்த வீட்டில் சிரிப்பும் சரசமும் உண்டு. அப்புறம் யுத்தம், விலைவாசி, 1943 பஞ்சம். குரல் உயர்த்தாத மனுஷன் பசியில் வேறு ஆளாகிறான். கிடைத்த சோற்றை அவன் குனிந்து தின்கிறான். அவள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பிணக்குவியல் எதையும் காட்டாமல், ஒரு புருஷன் பெண்டாட்டிக்குள் பஞ்சம் எப்படி நுழைந்தது என்று மட்டும் சென் காட்டினார். அவர் பிற்காலத்தில் எடுத்த புகழ்பெற்ற அரசியல் படங்களைவிட இதையே நான் மேலாகச் சொல்வேன்.

அன்றைக்கு மாசிமா நெடுநேரம் பேசினார். அந்த வருஷம் அவருக்கு வயது பதினைந்து இருக்கலாம். வாசலில் வந்து நின்றவர்கள் சோறு கேட்கவில்லையாம். சோறு கேட்டால் கிடைக்காதென்று அவர்களுக்குத் தெரியும். வடிகஞ்சி கேட்டார்கள். "எங்கம்மா உலையைக் கொஞ்சம் தண்ணியா வைப்பா, கஞ்சி நிறைய வரட்டும்னு. அப்புறம் எங்களுக்கே அரிசி இல்லாமப் போச்சு. கதவைச் சாத்திட்டோம், பாபா. சாத்தின கதவைக் காட்ட மாட்டேங்கறான் பார், இந்தப் படத்துல." அந்தப் பஞ்சத்தில் 30 லட்சம் பேர் வரை செத்தார்கள் என்று புத்தகங்கள் சொல்கின்றன. சாத்திய கதவுகளை எந்தப் புத்தகமும் எண்ணவில்லை.

அதே பஞ்சத்தை ரே 1973இல் 'அஷானி சங்கேத்'தில் வண்ணத்தில் எடுத்தார். கறுப்பு வெள்ளைக்கென்றே மனம் பழகிப்போன எனக்கும் அங்கே வண்ணம்தான் சரியென்று பட்டது. வயல் பச்சையாக இருக்கிறது, பூச்சி பறக்கிறது, குளம் நிறைந்திருக்கிறது. சோறு மட்டும் இல்லை. மழை பொய்த்து வந்த பஞ்சம் அல்ல அது என்பதைப் பச்சை நிறமே சொல்லிவிடுகிறது. ராஜேன் தரஃப்தாரின் 'கங்கா'வை இங்கே ஒரு வரியாவது சொல்லாமல் போகக்கூடாது. சமரேஷ் பாசுவின் நாவல், சலீல் சௌத்ரியின் இசை, தினேன் குப்தாவின் காமிரா. மீனவர்களின் படகும் வலையும் கடனும். ரே, கட்டக், சென் என்ற மூன்று பெயர்களுக்கு அப்பாலும் கிராமத்தைப் பார்த்தவர்கள் உண்டு.

ரித்விக் கட்டக்கை மாசிமாவின் தெருவே தன் ஆளாக நினைத்தது. டாக்காவில் பிறந்தவர்; பிரிவினையைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளாதவர். 'மேகே டாக்கா தாரா'வின் காலனி வீட்டையும் மூங்கில் தட்டியையும் பார்த்து, இது எங்கள் தெருதான் என்று அடித்துச் சொல்பவர்கள் பிஜய்கரில் அநேகம். ஆனால் மாசிமாவை உலுக்கியது அவர் ஊர்ப் பக்கத்து ஆற்றைப் பற்றிய 'திதாஸ் ஏக்டி நதீர் நாம்'. பங்களாதேஷ் பிறந்த பின் கட்டக் அங்கே போய் எடுத்து 1973இல் வெளிவந்த படம். காசநோய் அவரைத் தின்றுகொண்டிருந்த நேரம்.

மூலநாவலை எழுதிய அத்வைத மல்லவர்மன், திதாஸ் கரையில் மாலோ என்னும் மீனவ சாதியில் பிறந்தவர். ஊரார் காசு சேர்த்துப் படிக்க வைத்த பிள்ளை. கல்கத்தாவில் பத்திரிகை வேலை பார்த்தார். எழுதிய கையெழுத்துப் பிரதி ஒருமுறை தொலைந்துபோக, மறுபடி முழுவதும் எழுதினார். 1951இல் 37 வயதில் காசநோயில் இறந்தார். நாவல் 1956இல் புத்தகமானது. எழுதியவரையும் படமெடுத்தவரையும் ஒரே நோய் பிடித்திருந்தது என்பதை நினைக்காமல் என்னால் அந்தப் படத்தைப் பார்க்க முடிவதில்லை.

கதையை முழுவதும் சொல்லப்போவதில்லை. புதுப்பெண்ணை அழைத்துவரும் வழியில் ஆற்றுக் கொள்ளையர் தூக்கிப்போகிறார்கள். மாப்பிள்ளை கிஷோருக்குச் சித்தம் கலங்குகிறது. பல வருஷம் கழித்து, புருஷன் முகமும் சரியாகத் தெரியாத அந்தப் பெண் மகனோடு அதே ஊருக்கு வந்து, அந்தப் பைத்தியக்காரனுக்குப் பக்கத்திலேயே வாழ்கிறாள். அறிந்துகொள்கிற கணத்திலேயே இருவருக்கும் முடிவு வருகிறது. இந்தத் துயரத்துக்குப் பின்னால் ஆறே தூர்ந்துபோகிற பெருந்துயரம் இருக்கிறது. மணல்திட்டு எழும்புகிறது; நிலத்துக்கு ஆள் வந்து சண்டை போடுகிறார்கள்; வலைகள் சும்மா கிடக்கின்றன; மாலோக்கள் சிதறுகிறார்கள். கடைசியில் வாசந்தி என்ற மாலோப் பெண் ஆற்று மணலைக் கையால் தோண்டித் தண்ணீர் ஊறுமா என்று பார்க்கிறாள்.

நந்தனில் மாசிமா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்த ஆற்றங்கரையில் தை மாதம் கன்னிப் பெண்கள் நோன்பிருந்து, வண்ணக் காகிதத்தில் தேர் மாதிரி செய்து ஆற்றில் விடுவார்களாம். பையன்கள் நீந்திப் போய்ப் பறிப்பார்களாம். அத்வைதரின் நாவலில் கதை அந்த நோன்பில்தான் தொடங்குகிறது. மாசிமா மாலோ இல்லை; கரைமேட்டில் இருந்த கணக்கப்பிள்ளை வீட்டுப் பெண். ஆனாலும் அந்தத் தேர்களைப் பார்க்கப் பாட்டியோடு துறைக்குப் போனதுண்டு. கல்யாணக் காட்சிகளில் பெண்கள் குலவையிட்டபோது, அந்த அரங்கத்தின் ஏ.சி. குளிரில், அவரும் வாய்க்குள்ளேயே குலவையிட்டார். பக்கத்து இருக்கைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் அந்தப் பக்கத்துக்காரராக இருந்திருக்க வேண்டும்.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னார். "நாற்பது வருஷமா அந்த ஆறு அங்கே ஓடிட்டிருக்குன்னு நினைச்சு மனசைத் தேத்திட்டிருந்தேன். நாம இல்லாட்டியும் அது இருக்கும்னு. அதையும் வத்தவெச்சுட்டான் படுபாவி." பிறகு, "நல்லாத்தான் எடுத்திருக்கான்" என்றார். கட்டக்குக்குக் கிடைத்த மிக நேர்மையான விமர்சனம் இதுதான் என்று எனக்கு எண்ணம். அவர் அப்போது உயிரோடு இல்லை. 1976இல் 50 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்தப் படங்களின் வம்சாவளியில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 'பதேர் பாஞ்சாலி'க்கு முன்பே, கிழக்கு வங்கக் கிராமத்துக் குடியானவர்கள் வேர் பறிக்கப்பட்டுச் சியால்தா ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் வந்து விழுந்த கதையை 'சின்னமூல்' என்று படமெடுத்தவர் நிமாய் கோஷ். நிஜ அகதிகளையே அங்கே படம் பிடித்தார். கட்டக் அதில் நடித்தார். இந்த நிமாய் கோஷ் பின்னர் சென்னைக்கு வந்துவிட்டார். 1960இல் அவர் இயக்கிய தமிழ்ப் படம்தான் 'பாதை தெரியுது பார்'. எம்.பி. சீனிவாசன் இசை, ஜெயகாந்தன் பாட்டெழுதினார். தென்னிந்தியத் திரைத் தொழிலாளர் சங்கங்களைக் கட்டி எழுப்பியதிலும் நிமாய் கோஷுக்குப் பங்குண்டு. ரேயை நிழற்படம் எடுத்த இன்னொரு நிமாய் கோஷோடு இவரைக் குழப்பி எழுதுகிறார்கள். அதுகூட இவருக்குச் செய்யும் அநியாயம்தான். புனே திரைப்படக் கல்லூரியில் கட்டக்கிடம் பயின்ற ஜான் ஆபிரகாம் 1977இல் தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்தார். 'பதேர் பாஞ்சாலி' நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் 'நாகம்மாள்' எழுதிய ஆர். சண்முகசுந்தரம். கொங்கு மண்ணின் குடியானவர்களை எழுதிய கையே அந்த நாவலின் கிராமமான நிச்சிந்திபுரத்தையும் எழுதியது பொருத்தம்தான்.

1993இல் லண்டனில் ஒரு பிலிம் லேபாரட்டரியில் தீப்பிடித்தபோது அப்பு படங்கள் மூன்றின் மூல நெகட்டிவ்களும் அதில் சிக்கின. உருகி, சுருண்டு, ஓரம் கருகிய சுருள்களைத் தூக்கி எறியாமல் அமெரிக்காவில் பத்திரப்படுத்தி வைத்தார்கள். இருபது வருஷத்துக்குப் பிறகு இத்தாலியின் பொலோனியாவில் அவற்றை ஊறவைத்து, பிரித்து, பல்சக்கர ஓட்டைகளைக் கையால் ஒட்டிச் சரிசெய்து, முதல் இரு படங்களின் கணிசமான பகுதியை அந்த நெகட்டிவிலிருந்தே மீட்டார்கள். 2015இல் அவை புதுப்பிறவி எடுத்து வந்தன. 'திதாஸ்' அதற்கும் முன்பே அதே ஊரில் சீரமைக்கப்பட்டது. இந்தப் பிரிண்டுகளில் துர்காவின் மூக்கு நுனியில் நிற்கும் மழைத்துளி தெரிகிறது. எங்கள் கூடத்துப் பெட்டியில் அது தெரிந்ததே இல்லை.

'பதேர் பாஞ்சாலி' படப்பிடிப்பு நடந்த போரால் என்ற கிராமத்துக்கு நான் கரியா வழியாகப் போயிருக்கிறேன். படத்து வீட்டை, அதன் சொந்தக்காரரான படுக்கையில் கிடந்த ஒரு கிழவரிடமிருந்து மாதம் 50 ரூபாய்க்கு வாடகை பிடித்திருந்தார்களாம். நான் போன நாளில் குளமும் மூங்கிலும் இருந்தன. இப்போது மாநகரம் அதுவரை வந்துவிட்டது, அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. வளர்ந்த அப்புவாக நடித்த சௌமித்ர சாட்டர்ஜி 2020இல் போனார். துர்காவாக நடித்து, அப்புறம் பள்ளி ஆசிரியையாக அமைதியாக வாழ்ந்த உமா தாஸ்குப்தா 2024 நவம்பரில் காலமானார். மாசிமா போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நான் மாற்றலாகிக் கிளம்பியபோது நாரிகேல் நாடு என்கிற தேங்காய் உருண்டைகளை டப்பாவில் போட்டுக் கொடுத்து, ஊருக்குப் போய் அம்மாவையும் இந்தப் படங்களுக்குக் கூட்டிப்போ என்றார். பாஷை புரியாதே என்றேன். "அவங்களுக்குப் புரியும்" என்றார்.

அம்மாவுக்குப் புரிந்தது. கும்பகோணத்து வீட்டில் 'பதேர் பாஞ்சாலி' கேசட்டைப் போட்டபோது, திரையின் அடியில் ஓடும் எழுத்துகளைப் படிக்கச் சொல்லி என்னைத் தொந்தரவு செய்யவே இல்லை. சர்வஜயா கல்யாணத்துப் பாத்திரங்களை விற்று அரிசி வாங்குகிற இடத்தில், தன் கல்யாணத்துக்கு வந்த வெண்கல உருளி எந்த வருஷம், எந்தக் கடைக்குப் போனது என்று சொன்னாள். எனக்கு அதுவரை தெரியாத செய்தி அது. அதற்குமுன் அப்படி ஒரு உருளி இருந்ததே தெரியாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்தப் படங்கள் இன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. தனியாகப் பார்க்காதீர்கள். வீட்டில் எழுபது, எண்பது வயதில் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பாருங்கள். அவர்கள் நடுவில் பேசினால் படத்தை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். படத்தை நாளைக்கும் பார்க்கலாம்.